மாறாத ஏழு

செவ்வாய்க்கிழமை காலை பத்து பதினேழுக்கு இயக்குநர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உட்காருங்க டீச்சர்."

அவள் கணக்கு டீச்சர் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. குழந்தைகள் நல அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவுக்கு வந்த பின்னும் அந்தப் பெயர் போகவில்லை.

"ஒரு குழந்தை இறந்துபோச்சு. நம்ம பட்டியல்ல இருக்கற குழந்தை. நாலு வயசு. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. எடை ஒன்பதரை கிலோ. மறுநாள் காலையில முடிஞ்சுபோச்சு."

"எந்த வட்டாரம் மேடம்?"

"ஆறாவது."

ஆறாவது வட்டாரத்தில் வீடு வீடாகப் போகிறவள் அவளுடைய அண்ணி. அண்ணிக்கு இந்த வேலைக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

"அவங்க உங்க அண்ணின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கதவைச் சாத்தச் சொன்னேன். வியாழக்கிழமை விசாரணைக் குழு உட்காருது. குழந்தையோட பதிவு முழுசும் வேணும். எண் நானூத்திப் பதினெட்டு."

அவள் தன் மேசைக்குத் திரும்பி அந்த எண்ணை அடித்தாள்.

நகரில் நாற்பது பார்வையாளர்கள். ஒவ்வொருவரும் நாளைக்குப் பதினான்கு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒரு முறை, போவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை எடை போடுவார்கள். மேல்கையை நாடாவால் சுற்றி அளப்பார்கள். சாப்பிடுகிறதா, பேசுகிறதா, விளையாடுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சேர்த்துப் பத்துக்கு ஒரு மதிப்பெண். அதை டேப்லெட்டில் பதிவார்கள். சாயங்காலம் அது அவள் திரைக்கு வந்துவிடும்.

ஒரு விதி உண்டு. தொடர்ந்து ஆறு வாரம் மதிப்பெண் குறையாத குழந்தை நிலையான குழந்தை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும். மிச்சமாகும் நேரம் மெலிந்த குழந்தைகளுக்குப் போகும். விதியை எழுதியவள் அவள். பலன் இருந்தது. இரண்டு வருடத்தில் மதிப்பெண் நான்குக்குக் கீழே இருந்த குழந்தைகள் பாதியாகக் குறைந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வரைபடம் சட்டம் போட்டு மாடிப்படியில் மாட்டியிருக்கிறது.

நானூற்றுப் பதினெட்டின் கோடு திரையில் வந்தது. ஐந்து, ஆறு, ஆறு. பிறகு ஏழு. ஏழு. ஏழு. ஏழு. ஏழு. ஏழு. அதன்பின் பச்சை எழுத்தில் 'நிலையானது'. அதன்பின் பத்து வாரம் ஒன்றுமில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியது என்று உடனே சொல்லியிருப்பாள். குழந்தையின் கோடு நேராகப் போகாது. சளி பிடிக்கும், பல் முளைக்கும், ஒரு வாரம் எதையும் தொடாமல் அடம் பிடிக்கும். நன்றாக வளர்கிற குழந்தையின் கோடும் நடுங்கும்.

அவள் மூன்று வருடமாக நடுங்கும் கோடுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்குப் போனபோது அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து வாளி வெந்நீரில் கால்களை வைத்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது.

"வந்துட்டாங்கப்பா டீச்சரம்மா. இன்னிக்கு நான் சமைக்கறேன். பத்துக்கு எத்தனை போடுவே?"

"அண்ணா, கொஞ்சம் சும்மா இரு."

"சரி, பாஸ் மார்க்காவது போடு." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியை வைத்துவிட்டு அடுப்பைச் சிறிதாக்கினான்.

"அண்ணி. நானூத்திப் பதினெட்டு."

"தெரியும். மத்தியானமே சொல்லிட்டாங்க. பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"அவளுக்கு நான் வெச்ச பேரு. டேப்லெட்டை வெளிய எடுத்தா போதும், ஓடி வந்து எதையாவது அமுக்கிடுவா. ஒரு தடவை மொழியையே மாத்திட்டா. அன்னிக்குப் பூரா என்ன எழுதியிருக்குன்னே தெரியாம எட்டு வீடு சுத்தினேன்." அண்ணி சிரிக்கப் பார்த்தாள். "எமகாதகி."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

அண்ணி தண்ணீரைப் பார்த்தாள்.

"நாலாவது தடவை போனப்போ இருந்தா. அதுக்கப்புறம் பூட்டுதான். அவங்க அம்மாவும் அப்பாவும் பேக்கிங் கம்பெனில வேலைக்குச் சேந்துட்டாங்கன்னு எதிர்வீட்ல சொன்னாங்க. பொத்தானை யாரோ தெரிஞ்சவங்க வீட்ல விட்டுட்டுப் போறாங்களாம்."

"அஞ்சு வாரமும் பூட்டா?"

"அஞ்சு வாரமும்."

"அப்போ அந்த ஏழு எங்கேருந்து வந்துச்சு அண்ணி?"

"எங்கேருந்து வரும்? என் விரல்லேருந்துதான் வந்துச்சு." அண்ணியின் குரல் ஏறியது. "காலியா விட்டா உங்க மெஷின் என்னை அடுத்த வீட்டுக்கே விடாது. கட்டம் சிவப்பா மினுக்கிக்கிட்டே நிக்கும். இன்னும் பத்து வீடு பாக்கியிருக்கும். நான் தெருவுல நின்னு அதுகூட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கணுமா?"

"பூட்டியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே."

"எங்க எழுத? எடம் எங்க வெச்சிருக்கீங்க?"

இடம் இல்லை. முதல் வருடம் இருந்தது. குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் என்னென்னவோ வரும். 'பூட்டு.' 'ஊரில் இல்லை.' 'நாய்.' 'தூங்குகிறான், எழுப்ப விடவில்லை.' 'அப்பா குடித்திருந்தார், உள்ளே போகவில்லை.' மூன்றில் ஒரு வீட்டுக்கு மதிப்பெண் இருக்காது. அதை வைத்துக்கொண்டு சராசரி எடுக்க முடியவில்லை. இரண்டாம் வருடம் குறிப்புக் கட்டத்தை எடுத்தாள். மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கினாள். வெற்றிடம் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. அறிக்கையில் அதற்கு ஒரு வரி எழுதினாள்: பதிவுகளின் தரம் மேம்பட்டுள்ளது.

"பயிற்சியில கேட்டேனே," என்றாள் அண்ணி. "கடைசி நாள். பூட்டியிருந்தா என்ன போடறதுன்னு. எல்லாரும் இருந்தாங்க. நீதான் சொன்னே, போன வாரம் என்ன போட்டீங்களோ அதையே போட்டுடுங்கன்னு."

சொன்னாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. மணி ஐந்தாகப் போகிறது. ஐந்துக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது என்றும் சொன்னாள். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

"ஒரு வாரத்துக்குன்னுதான் அண்ணி சொன்னேன்."

"நான் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்குத்தான் போட்டேன்."

அண்ணன் துண்டை எடுத்து வந்து குனிந்து அண்ணியின் கால்களைத் துடைத்தான்.

"அந்தப் புள்ளை மெலிஞ்சது எனக்குத் தெரியாது," என்றாள் அண்ணி. "நீ நம்புவியோ மாட்டியோ. எனக்குக் கண்ணுக்குள்ள அவ கொழுகொழுன்னுதான் இருந்தா. அதனாலதான் ஏழு போடறப்போ கை கூசல."

*

புதன்கிழமை அவள் மற்றக் கோடுகளை எடுத்தாள். நிலையான குழந்தைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவர்களில் ஆறு வாரமும் அச்சு மாறாமல் ஒரே எண் வந்தவர்கள் அறுபத்து மூன்று.

இயக்குநரிடம் போனாள். சொன்னாள். இயக்குநர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் கேட்டார்.

"அப்படிப் போடச் சொல்லி எழுத்துல குடுத்தீங்களா?"

"இல்ல மேடம். வாயால சொன்னேன்."

"அப்போ விடுங்க."

"மேடம்..."

"டீச்சர், நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. பார்க்காத குழந்தையைப் பார்த்ததாப் பதிஞ்சது அவங்க. கையெழுத்து அவங்களோடது. நீங்க போய் என் தப்புன்னு சொன்னா, அண்ணியைக் காப்பாத்தப் பேசறாங்கன்னு எழுதுவாங்க. அவங்களும் தப்பிக்க மாட்டாங்க, உங்க பேரும் கெடும். திட்டத்தையே நிறுத்துன்னு ஒருத்தர் கிளம்புவார். நிறுத்திட்டா மூவாயிரம் குழந்தைங்க வீட்டுக்கு யாரு போவா? நீங்களா, நானா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இந்த அறுபத்து மூணு குழந்தையையும் உடனே பாக்கணும் மேடம்."

"ஆறாவது வட்டாரத்துல எத்தனை?"

"பதினொண்ணு. இறந்த குழந்தையும் சேத்து."

"அதை முதல்ல பாருங்க. சத்தமில்லாம. மத்த வட்டாரத்தை விசாரணை முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள..."

"டீச்சர். கதவைத் திறந்துட்டுப் போங்க. காத்து வரட்டும்."

*

பகலில் போய்ப் பயனில்லை. அன்று மாலை ஆறரைக்கு அவளும் அண்ணியும் கிளம்பினார்கள். அண்ணி எடை எந்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். அவள் வாங்கப் போனபோது தரவில்லை.

முதல் வீட்டில் தட்டியதும் கதவு திறந்தது. வேலை உடுப்போடு ஒரு இளைஞன். தோளில் குழந்தை.

"என்னக்கா, இந்த நேரத்துல? இத்தனை நாளா எங்க போனீங்க?"

"நான் வாரா வாரம் வந்தேன். நீங்கதான் ஊரைவிட்டே ஓடிப்போய்ட்டீங்க."

"பகல்ல வந்தா யாரு இருப்பா? ஆறு மணிக்கு மேல வந்தீங்கன்னா குடும்பமே இருக்கும்."

பார்வையாளர்களின் வேலை நேரம் ஒன்பது முதல் ஐந்து. அதையும் அவள் அலுவலகம்தான் வைத்தது.

இரண்டாவது வீட்டுப் பையன் தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். எடை எந்திரத்தில் நிற்கமாட்டேன் என்றான். "பாத்திரத்தோடவே நில்லு ராசா, கழிச்சுக்கறேன்," என்றாள் அண்ணி. மூன்றாவது வீட்டில் குழந்தை தூங்கிவிட்டது. தூக்கத்திலேயே கையை அளந்தார்கள். ஒவ்வொரு கதவும் தட்டியதும் திறந்தது. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். எட்டு. ஏழு. ஒன்பது. ஆறு. அண்ணி பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லா வீட்டிலும் யாருக்கு என்ன உடம்புக்கு என்று தெரிந்திருந்தது.

ஒன்பதாவது வீட்டில் அண்ணி பேச்சை நிறுத்தினாள்.

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அம்மாவின் மடியில் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அண்ணி நாடாவைச் சுற்றினாள். நாடாவின் குறி சிவப்புப் பட்டையில் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பல்லு முளைக்குதுல்ல. சரியாயிரும்னு இருந்தேன். ஏங்க்கா?"

"கிளம்பு. செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இப்பவா? அவரு இன்னும் வரலியே."

"அவரு வந்து என்ன பண்ணப் போறாரு? கிளம்புடி."

ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தார்கள். குழந்தையின் பதிவில் வரிசையாக ஆறு எட்டுகள் இருந்தன. திரும்பி வந்து பத்தாவது வீட்டைப் பார்த்தார்கள். அந்தக் குழந்தை நன்றாக இருந்தது.

பதினொன்றாவது வீட்டு வாசலில் அண்ணி நின்றுவிட்டாள்.

"நான் வரல."

"நாம பாக்க வேண்டியது இங்க ஒண்ணும் இல்ல அண்ணி. போயிடலாம்."

அதற்குள் கதவு திறந்தது. தாய் நின்றாள். அண்ணியைப் பார்த்தாள்.

"வாங்கக்கா," என்றாள்.

ஒரே அறை. ஓர் ஓரத்தில் மடித்து வைத்த துணிகள், சின்ன அளவு. அப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டான். தாய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"குடல்ல ஏதோன்னு சொன்னாங்க," என்றாள் தாய். கேட்காமலே சொன்னாள். "முன்னாடியே கொண்டுவந்திருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்குமாம். அங்க பாத்துக்கற அம்மா சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க, புள்ளை எளைச்சுக்கிட்டே போகுதுன்னு. நான்தான் அவங்களைத் திட்டினேன். ஆபீஸ்லேருந்து வந்து பாக்கறாங்க, ஏதாவதுன்னா அவங்களுக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சான்னு."

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"கடுதாசிகூட வந்துச்சே," என்றாள் தாய்.

சுவரில் ஒட்டியிருந்தது. கிரேயானால் கிறுக்கிய இரண்டு தாள்களுக்கு நடுவே. நிலையான குழந்தைகளின் வீட்டுக்கு அலுவலகம் அனுப்பும் கடிதம். கீழே இயக்குநரின் கையெழுத்து. உள்ளே இருந்த வாக்கியங்கள் அவள் எழுதியவை. 'உங்கள் குழந்தையின் வளர்ச்சி நிலையாக உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' மகிழ்ச்சியுடன் என்ற சொல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு பிற்பகல் முழுக்க யோசித்திருக்கிறாள்.

"அது அவளுக்கு வந்த மொத கடுதாசி," என்றான் அப்பன். "படிச்சுக் காட்டச் சொல்லிக்கிட்டே இருப்பா."

அவள் தண்ணீரைக் குடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தாய் வாங்கிக்கொண்டாள்.

தெருவில் அண்ணி எடை எந்திரத்தை அவளிடம் கொடுத்தாள்.

"கொஞ்சம் பிடி. என்னால தூக்க முடியல."

*

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நீள மேசை. முதலில் அண்ணியைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றாள். பதிந்தாயா என்று கேட்டார்கள். பதிந்தேன் என்றாள். வேறு கேட்கவில்லை.

அடுத்தது அவள். எல்லாவற்றையும் சொன்னாள். குறிப்புக் கட்டத்தை எடுத்தது. மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. பயிற்சியின் கடைசி நாள் சொன்ன பதில். அறுபத்து மூன்று கோடுகள். ஒன்பதாவது வீடு. கடிதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் பேனாவை மூடினார்.

தலைவர் வயதானவர். மெதுவாகப் பேசினார்.

"அந்தப் பயிற்சியில நீங்க சொன்னது எதுலயாவது பதிவாகியிருக்காம்மா?"

"இல்ல சார். ஆனா நாப்பது பேர் கேட்டாங்க."

"அவங்க எல்லாரும் அப்படித்தான் போடறாங்களா?"

"பூட்டியிருந்தா அப்படித்தான் போடறாங்க."

"குழந்தையை நேர்ல பாக்காமப் பதியக்கூடாதுன்னு பணி நிபந்தனையில இருக்கா?"

"இருக்கு சார்."

"அது எழுத்துல இருக்குல்ல?"

"இருக்கு."

தலைவர் எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், "தானா முன்வந்து இவ்வளவு சொன்னீங்களே, அதுவே பெரிய விஷயம்."

மாலையில் முடிவு வந்தது. ஒரு தாள். மதிப்பெண் இனிக் கட்டாயமில்லை. குறிப்புக் கட்டம் திரும்ப வரும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் எச்சரிக்கை வரும்படி புதிய முறை ஒன்றை மாதக் கடைசிக்குள் அவள் வடிவமைக்க வேண்டும். அறுபத்து மூன்று குழந்தைகளையும் உடனே நேரில் பார்க்க வேண்டும். மற்ற வட்டாரப் பார்வையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம். ஆறாவது வட்டாரப் பார்வையாளர் பொய்ப் பதிவு செய்த காரணத்தால் இன்றுமுதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். கடைசிப் பத்தியில் புள்ளிவிவரப் பிரிவைப் பற்றி ஒரு வரி. விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு அளித்தது பாராட்டத்தக்கது.

அவள் அந்தத் தாளோடு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"நான் வேலையை விட்டுடறேன் மேடம்."

"விட்டா புது முறையை யாரு செய்வா? நீங்க விதி எழுதின எடத்துல என்னென்ன ஓட்டை இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்." இயக்குநர் களைப்பாக இருந்தார். "அந்த ஒன்பதாவது வீட்டுக் குழந்தை பொழைச்சுக்குமாம். டாக்டர் போன் பண்ணார்."

*

அண்ணி சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். டேப்லெட். அதன் வயரை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் போட்டிருந்தாள். கை அளக்கும் நாடா. அடையாள அட்டை. எடை எந்திரத்தைத் துடைத்துத் தரையில் வைத்திருந்தாள். அண்ணன் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் வரவில்லை.

"நாளைக்கு நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. நான் அங்க வந்து நிக்கல."

"சரி அண்ணி."

"ஒரு பேப்பர் எடு. புதுசா வர்றவங்களுக்கு எழுதிக்க."

அவள் எடுத்தாள்.

"மூணாவது தெருல நாய் வீடு. முன்பக்கம் போகக்கூடாது. பின்னால சந்து வழியாப் போய் ஜன்னல்ல கூப்பிடணும். எழுதிட்டியா? மாடி வீட்டு ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணை ரெண்டு தடவை எடை போட்டுடுவாங்க, அதுங்களே ஏமாத்தும். காதுல மச்சம் இருக்கறது பெரியவன். தையல்காரர் பேத்தி பேசமாட்டா, ஊமைன்னு எழுதிடப் போறாங்க. தனியா விட்டா பேசுவா. பொம்மைகிட்ட பேசுவா. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டு அப்புறமா மார்க் போடச் சொல்லு."

அவள் எழுதிக்கொண்டே போனாள். ஒரு பக்கம் முடிந்து திருப்பினாள். அண்ணி எழுபது வீட்டையும் சொன்னாள். எண் எதையும் சொல்லவில்லை. சொல்லி முடித்து, மேசைமேல் இருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள்.

"அங்க எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

"நீதான் அப்படிப் போடச் சொன்னேங்கறதையும்?"

"அதைத்தான் முதல்ல சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்பினாங்க."

அண்ணி நாடாவை விரலிலிருந்து கழற்றி, மேசைமேல் நீட்டி, கையால் நீவினாள்.

"அப்போ உன்னை ஏன் ஒண்ணும் பண்ணல?"